கையெழுத்துப் போட்டாயிற்று, புத்தகம் எங்கே?

தன் முதல் நாவலுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுச் சென்னைப் பதிப்பகத்துக்கு அனுப்பிய மூன்றாம் நாள், ஓர் ஆசிரியை களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறிக் கல்லடியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மண்டபத்தின் பற்றுச்சீட்டு.

“அண்ணன், அடுத்த மாதம் இருபதாம் திகதி வெளியீட்டு விழா. மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிவிட்டேன். நீங்கள்தான் நயவுரை.”

“புத்தகம் எங்கே, தங்கச்சி?”

“அதுதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே. இனி அச்சடிக்க வேண்டியதுதானே?”

மண்டபக்காரரிடம் போய் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். அவர் பாதியைத்தான் கொடுத்தார். நாவல் வெளிவர 14 மாதங்கள் பிடித்தன.

நான் மெய்ப்பு, அதாவது அச்சுப்பிழை, பார்த்துப் பிழைப்பவன். மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்திலும் முதல் நாவல் எழுதியவர்கள் பலர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் புத்தகம் என்றால் பெரும்பாலும் எழுதியவரே பணம் கட்டி அச்சிடுவது. கணினித் தட்டச்சு, ஒரு மெய்ப்பு, ஓர் அட்டை, அச்சகம் என்று இரண்டு மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும். பதிப்பகம் ஒன்று தன் பணத்தைப் போட்டு நாவலை வெளியிடும்போது அது வேறு கணக்கு. லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்களில் ஒப்பந்தத்துக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை செல்வது வழக்கம். தமிழில் அவ்வளவு நீளாது. ஆனால் சென்னைப் பதிப்பகங்கள் ஜனவரிப் புத்தகக் காட்சியை நோக்கியே ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. மார்ச்சில் ஒப்பந்தம் போட்டாலும் ஓகஸ்டில் போட்டாலும் புத்தகம் டிசம்பர்க் கடைசியில்தான் என்பது சாதாரணம். ஜனவரி தவறினால் அநேகமாக அடுத்த ஜனவரி. ஆசிரியை கையெழுத்திட்டது நவம்பரில். மிச்சத்தை நீங்களே விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

அவ்வளவு மாதமும் என்னதான் நடக்கிறது? மருதமுனைத் தறிக்காரர்களிடம் கேட்டால் பாதி புரியும். பாவு என்ற நீள நூலை ஓட்டும்போதே சேலையின் அகலமும் நீளமும் முடிவாகிவிடும். அதன்பிறகு ஊடை என்ற குறுக்கு நூலில்தான் கைவைக்கலாம். நெய்து இறக்கிவிட்டால் தொங்கும் நூலை வெட்டலாம், அவ்வளவே. நாவலும் இப்படித்தான். முதலில் கதையை மாற்றலாம். பிறகு வாக்கியத்தை மட்டும். பிறகு எழுத்தை மட்டும். கடைசியில் ஒரு காற்புள்ளிக்கும் கெஞ்ச வேண்டி வரும். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. முதல் நாவல்காரர்கள் படும் துன்பத்தில் பெரும்பகுதி, சாத்திய கதவைத் தட்டுவதால் வருவது.

முதலில் அந்தக் கையெழுத்து. நாவலை நீங்கள் விற்றுவிடவில்லை. அதை நூலாக வெளியிடும் உரிமையைக் குறித்த மொழியில், குறித்த நாடுகளில், குறித்த காலத்துக்குக் கொடுக்கிறீர்கள். பதிப்புரிமை உங்களுடையதாகவே இருக்கும். அதற்காக எங்கேயும் போய்ப் பதிய வேண்டியதில்லை, எழுதியவுடனேயே அது உங்களுக்கு உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். ஆகவே ‘பதிப்புரிமை முழுவதையும் ஒப்படைக்கிறேன்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள்.

பணக் கணக்கு பலருக்குக் குழப்பம். முன்பணம் என்பது பரிசுப் பணம் அல்ல, வரப்போகும் ராயல்டியை, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்குச் சேரும் பங்கை, முன்கூட்டித் தருவது. புத்தகத்தின் விலை 1,000 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், முன்பணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு உங்களுக்கு 100 ரூபாய். முதல் 500 பிரதிகள் விற்று முடியும் வரை உங்கள் கைக்கு வேறு காசு வராது. அது ஏற்கனவே வந்துவிட்டது. 501ஆவது பிரதியிலிருந்துதான் புதுப்பணம். ஆங்கிலப் பதிப்பகங்கள் இந்த முன்பணத்தையும் ஒரேயடியாகத் தருவதில்லை. கையெழுத்திடும்போது ஒரு பங்கு, திருத்திய பிரதியை ஏற்றுக்கொண்டதும் ஒரு பங்கு, வெளியீட்டின்போது ஒரு பங்கு. உங்களுக்காகப் பதிப்பகத்தோடு பேசும் முகவர் இருந்தால் ஒவ்வொரு பங்கிலும் வழக்கமாக அவருக்கு 15 சதவீதம். தமிழில் முகவரும் அரிது, முன்பணமும் அரிது. ராயல்டி மட்டும் உண்டு. அதுவும் கணக்கு ஒழுங்காக வந்தால்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் பார்ப்பது சதவீதத்தை. பார்க்க வேண்டியவை வேறு மூன்று. மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகளையும் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறார்களா? புத்தகம் விற்றுத் தீர்ந்து மறுபதிப்பும் வராமல் கிடந்தால் எத்தனை மாதத்தில் உரிமை உங்களிடம் திரும்பும்? மூன்றாவது, நம் ஊர்க்காரருக்கே உரிய கேள்வி: எழுத்தாளருக்குத் தரும் இலவசப் பிரதிகளை இலங்கைக்கு அனுப்பும் செலவு யாருடையது? ஆசிரியையின் ஒப்பந்தத்தில் 10 பிரதிகள் இலவசம் என்று இருந்தது. அனுப்பும் செலவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன் பலனை அவர் 14 மாதம் கழித்துச் சென்னையிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டாரின் பயணப் பைகளில் கண்டுகொண்டார்.

ஒப்பந்தத்துக்கு அடுத்து வருவது பதிப்பாசிரியரின் கடிதம். சில பதிப்பகங்களில் பத்துப் பக்கம் இருக்கும், சிலவற்றில் தொலைபேசியில் அரைமணி நேரம். தமிழில் பல இடங்களில் இது நடப்பதே இல்லை, அதுதான் தமிழ் நாவலுக்கு நேர்ந்த குறை என்பது என் எண்ணம். இந்தக் கட்டத்தில் எழுத்துப்பிழை பற்றி யாரும் பேசமாட்டார்கள். கதை எங்கே தொடங்குகிறது, யார் சொல்கிறார், எந்தப் பாத்திரம் வேண்டாதது என்பதுதான் பேச்சு. ஆசிரியையின் நாவல் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைப் பற்றியது. ஆனால் முதல் 40 பக்கங்கள் குடும்பத்தின் வயல், தென்னந்தோட்டம், கோயில் மானியம் என்று போயின. காற்று எழும்பும்போது பக்கம் 90. சூறாவளியை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார் பதிப்பாசிரியர்.

ஆசிரியைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. “சென்னையில் இருந்துகொண்டு என் அப்பாவின் வயலை வெட்டச் சொல்கிறார்கள்” என்றார். இரண்டு கிழமை கழித்துத் தானாகவே ஆறினார். சூறாவளியை முன்னுக்கு இழுக்கவில்லை. அந்த 40 பக்கத்தை 11 ஆக்கினார். வயல் இருந்தது, வரப்பெல்லாம் போயிற்று. அதைச் செய்து முடிக்க அவருக்கு நான்கு மாதம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதிப்பகம் தாமதிக்கிறது என்று நாம் முறைப்பாடு சொல்லும் மாதங்களில் பல, எழுத்தாளரின் மேசையிலேயே கழிந்தவை. பாவு ஓட்டும் நேரம் இதுதான், அவசரப்பட வேண்டாம். இதற்குப் பிறகு யாரும் உங்களிடம் ‘கதையை மாற்றலாமா’ என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் கேட்டாலும் தரமாட்டார்கள்.

அடுத்தது செம்மையாக்கம். இதுவும் மெய்ப்பும் ஒன்று என்று நினைப்பவர்கள் அநேகர். அச்சுக்கு வந்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது மெய்ப்பு. எழுதியதே சரிதானா என்று பார்ப்பது செம்மையாக்கம். வாக்கியம் குழம்புகிறதா, எட்டாம் அத்தியாயத்தில் செல்லம்மாவாக இருந்தவர் பன்னிரண்டில் ஏன் செல்லம்மாள் ஆனார், போன மாதம் பிறந்த பிள்ளை இந்த மாதம் எப்படி நடக்கிறது என்பவை அதன் கேள்விகள்.

ஓர் உதாரணம். சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது 1978 நவம்பர் 23 இரவு. நாவலில் அது சனிக்கிழமை இரவு என்று இருந்தது. சென்னையில் இருந்த செம்மையாக்குநர் பழைய நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: ‘வியாழன் அல்லவா?’ வியாழனேதான். கிழமை ஒன்றைத் திருத்துவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த அத்தியாயத்தில் பிள்ளைகள், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோசத்தில் நேரம் கழித்துப் படுக்கிறார்கள். அதனால்தான் காற்று தொடங்கும்போது விழித்திருக்கிறார்கள். வியாழன் என்றால் மறுநாள் வெள்ளி, பள்ளிக்கூட நாள். ஒரு சொல் மாற, முழுக் காட்சியும் ஆட்டம் கண்டது. கடைசியில் மழைக்கு ஒழுகிய கூரையின் கீழ் பாத்திரம் மாற்றி மாற்றி வைப்பதற்காகப் பிள்ளைகளை விழித்திருக்க வைத்தார் ஆசிரியை. முன்னதைவிட அது நல்ல காட்சி என்பது வேறு விசயம்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பிழை. கல்லடிப் பாலத்தில் இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்து விலகிப் போகின்றன. 1978இல் இருந்தது பழைய பாலம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம், மறுபக்கம் காத்து நிற்க வேண்டும். இருவழியும் போகும் புதிய பாலம் திறந்தது 2013இல். இதைச் சென்னைக்காரர் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிப்பார்? அந்தப் பாலத்து வாசலில் லொறிக்குப் பின்னால் வியர்த்து நின்றவனுக்குத்தான் அது தெரியும். ஆகவே வெளியூர்ப் பதிப்பகத்துக்குப் பிரதியை அனுப்பும் முன், உங்கள் கதை நடக்கும் ஊரில் உங்களைவிடப் பத்து வயது மூத்த ஒருவருக்கு வாசிக்கக் கொடுங்கள். இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் தெரிந்தவராக இருந்தால் போதும்.

செம்மையாக்கத்தில் நம் பக்கத்து எழுத்தாளருக்கு வரும் பெரிய தலையிடி மொழி. ஆசிரியையின் பாத்திரங்கள் மட்டக்களப்புத் தமிழ் பேசுகிறார்கள். ‘மறுகா’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘மறுபடி?’ என்று குறித்திருந்தார்கள். பிறகு என்பதைத்தான் நாம் மறுகா என்கிறோம். ‘கிறுகிப் பார்த்தாள்’ என்பது ‘கிறங்கிப் பார்த்தாள்’ ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்த ஒரு சாதாரணப் பெண், காதலில் விழுந்தவளாகிவிட்டாள். உச்சம் எது தெரியுமா? இரண்டு பெண்கள் பேசும் இடத்தில் ஒருத்தி ‘வாகா’ என்கிறாள். அதை ‘வா, அக்கா’ என்று அன்போடு திருத்தியிருந்தார்கள். அந்தக் ‘கா’ அக்கா அல்ல, நம் பேச்சில் விளிக்கும்போது ஒட்டிக்கொள்வது. கூப்பிடப்பட்டவள் கூப்பிட்டவளின் தங்கை.

சிரிக்கலாம், ஆனால் திருத்தியவர் தன் வேலையைத்தான் செய்தார். தனக்குத் தெரியாத சொல்லைப் பிழையென்று சந்தேகிப்பதுதான் அவர் தொழில். பிரதியோடு ஒரு சொற்பட்டியலை நாமே அனுப்பியிருக்க வேண்டும்: இந்தச் சொற்கள் இப்படித்தான், கைவைக்க வேண்டாம் என்று. அதே பட்டியலில் திகதியா தேதியா, ரீயா டீயா, றோட்டா ரோட்டா என்பதையும் ஒரு தடவை முடிவு செய்து எழுதிவிட்டால் முந்நூறு இடத்தில் சண்டை மிச்சம். அந்தப் பட்டியலைப் புத்தகத்தின் கடைசியில் அருஞ்சொல் விளக்கமாக அச்சிடலாமா என்று ஆசிரியை கேட்டார். வேண்டாம் என்றேன். ‘அவள் மறுகா வாறேன் என்று போனாள்’ என்று இருந்தால் எந்த ஊர் வாசகருக்கும் பொருள் விளங்கிவிடும். தஞ்சாவூர்ச் சொல்லுக்கு யாரும் எங்களுக்குப் பட்டியல் தந்ததில்லை, நாங்களும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

செம்மையான பிரதி வடிவமைப்பாளரிடம் போகும்போது இலங்கைப் பிரதிகளுக்கென்று ஒரு தனிச் சடங்கு உண்டு. நம்மில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறோம். ஆசிரியையின் நாவலில் பாதி பாமினி, மீதி கைத்தொலைபேசியில் அடித்த யூனிகோட், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறை. பாமினியை யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு நிமிட வேலை. மாற்றியதால் வந்த கோளாறுகளைத் தேடுவது ஒரு மாத வேலை. கௌரி என்று ஒரு பாத்திரம். கௌ என்பதை ஔகாரக் குறி போட்டும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. கௌரியின் பெயரைக் கௌசல்யா என்று மாற்றச் சொன்னபோது பாதிக் கௌரிகள் மட்டும் மாறினார்கள். மீதிப் பேர் நாவல் முழுவதும் திரிந்தார்கள்.

வடிவமைத்த பக்கங்கள் முதல் மெய்ப்பாக வரும். இப்போதுதான் உங்கள் நாவல் புத்தகத்தின் முகத்தோடு கண்ணில் படும். அந்த மகிழ்ச்சியில் பலர் மீண்டும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கூடாது. 40ஆம் பக்கத்தில் மூன்று வரி கூட்டினால் அந்த அத்தியாயம் முடியும்வரை எல்லா வரியும் இடம்பெயரும். ஒரு பக்கத்தின் கடைசிச் சொல் அடுத்த பக்கத்தில் தனியே போய்க் குந்தும். ஆங்கில ஒப்பந்தங்களில் இதற்குத் தண்டமே உண்டு: இந்தக் கட்டத்தில் எழுத்தாளர் செய்யும் மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால், பெரும்பாலும் அச்சுக்கோப்புச் செலவில் 10 சதவீதம், மேலதிகம் எழுத்தாளர் கணக்கில். தமிழில் தண்டம் இல்லை, வடிவமைப்பாளரின் பெருமூச்சு மட்டும்தான்.

மெய்ப்புப் பார்ப்பதற்கு நான் கைக்கொள்ளும் வழி பழையது. கடதாசியில் அச்சிட்டு, வரிக்கு அடியில் அடிமட்டம் வைத்து, வாய்விட்டு வாசிப்பது. கண் அறிந்த சொல்லைப் பாதி பார்த்ததும் மீதியைத் தானே நிரப்பிக்கொண்டு ஓடும். நாக்கு அப்படி ஓடாது. ஒற்று மிகும் இடம், ர-ற, ல-ள-ழ, ன-ண எல்லாம் இரண்டாம் வாசிப்பில். தலைப்பு, பக்க எண், அத்தியாய எண் மூன்றாம் வாசிப்பில், வேறு எதையும் பார்க்காமல். பெரிய எழுத்தில் இருக்கும் பிழையை யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் சிறிய எழுத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

இதை நான் நூல் வாசித்துக் கற்றதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கல்முனைப் பக்கத்து நண்பர் ஒருவரின் நாவல். 260 பக்கத்தையும் மூன்று தடவை பார்த்தேன். பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை, அது அச்சகத்தார் போடுவது என்று விட்டுவிட்டேன். புத்தகம் வந்தது பெப்ரவரியில். அந்தப் பக்கத்தில் ‘முதற் பதிப்பு: டிசம்பர்’ என்று முந்திய ஆண்டைப் போட்டிருந்தது, முதலில் திட்டமிட்ட மாதம் அது. பரிசுப் போட்டிகள் பதிப்பு ஆண்டைத்தான் பார்க்கும். முந்திய ஆண்டு நூல்களுக்கான முடிவுத் திகதி போய்விட்டது, நடப்பாண்டுக்கு நூல் தகுதியில்லை. நண்பர் என்னோடு ஒரு வருசம் கதைக்கவில்லை. அவருக்கு அந்த உரிமை இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பற்றி இரண்டு சொல். அதில் இருக்கும் 13 இலக்க எண் நூலின் அடையாள எண், ஐ.எஸ்.பி.என். 2007க்கு முன்பு 10 இலக்கமாக இருந்தது. தொடக்கத்தில் 978 இருக்கும், அடுத்து வருவது நாட்டை அல்லது மொழிப் பகுதியைச் சுட்டும். இலங்கைக்கு 955, பிறகு வந்தது 624. இந்தியாவுக்கு 81, 93. இலங்கையில் கொழும்பிலுள்ள தேசிய நூலகம் வழங்குகிறது, சொந்தமாகப் பதிப்பிப்பவரும் விண்ணப்பிக்கலாம். கடைசி இலக்கம் மற்றப் பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு ஒத்துவராது, கணினி ஏற்காது. நம்முடைய நூல்களில் பிழை விட முடியாத ஒரே வரி அதுதான்.

இதற்கிடையே அட்டை, பின்னட்டைக் குறிப்பு, அணிந்துரை. அட்டை ஓவியத்தில் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் கருத்துச் சொல்லும் உரிமைதான், முடிவு பதிப்பகத்துடையது. ஆசிரியைக்கு வந்த முதல் அட்டையில் பனைமரங்கள். இலங்கைத் தமிழ் நாவல் என்றால் பனை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்கள் கரையில் அந்தச் சூறாவளி முறித்துப் போட்டது தென்னைகளை. சொல்லி மாற்றினோம். அணிந்துரை பற்றிச் சொன்னால் எனக்குப் பகை சேரும், இருந்தாலும் சொல்கிறேன்: எல்லா வேலையும் முடிந்து, பேராசிரியர் ஒருவரின் நான்கு பக்கத்துக்காக எட்டு மாதம் காத்துக்கிடந்த நூல்களை நான் அறிவேன். நாவலுக்கு அணிந்துரை தேவையில்லை. கட்டாயம் வேண்டும் என்றால் செம்மையாக்கம் தொடங்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. பெரிய தாளில் அச்சடித்து மடித்துத்தான் புத்தகம் ஆகிறது, ஒரு மடிப்புக்குப் பொதுவாக 16 பக்கம். 14 மடிப்பு என்றால் 224 பக்கம், 15 என்றால் 240. ஆசிரியையின் நாவல் 227இல் நின்றது. மூன்று பக்கத்துக்காக ஒரு மடிப்பு கூடும், விலையும் ஏறும். வடிவமைப்பாளர் சில அத்தியாயங்களில் வரி இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கி 224க்குள் அடக்கினார். சில நாவல்களின் கடைசியில் வெறும் பக்கங்களோ பதிப்பகத்தின் மற்ற நூல்களின் விளம்பரமோ இருப்பதற்கும் காரணம் இதுவே. பக்க எண்ணிக்கையும் தாளின் தடிப்பும் முடிவானால்தான் புத்தகத்தின் முதுகு எத்தனை மில்லிமீற்றர் என்று தெரியும், அதன்பிறகுதான் அட்டை முடியும். ‘உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, அட்டைக்கு ஏன் சுணக்கம்’ என்று கேட்பவர்களுக்கு இது பதில். அச்சடிப்பதும் கட்டுவதும் மொத்தக் கதையில் மிகக் குறைந்த நாட்கள். தமிழில் இப்போது முதலில் சில நூறு பிரதிகளே அடிக்கிறார்கள், தேவைக்கேற்பப் பிறகு.

ஆங்கிலப் பதிப்பகங்களில் இந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு காத்திருப்பு உண்டு. இறுதி மெய்ப்புக்கு முந்திய பிரதிகளைச் சில மாதங்கள் முன்னதாகவே மதிப்புரையாளர்களுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் அனுப்பிவிடுவார்கள், வெளிவரும் கிழமையில் மதிப்புரைகளும் வர வேண்டும் என்பதற்காக. நாளும் பார்ப்பார்கள்: அமெரிக்காவில் செவ்வாய், பிரித்தானியாவில் வியாழன். எங்களுடைய வழக்கம் நேர்மாறு. புத்தகம் வந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம், அதுவும் வெளியீட்டு விழாவில், அன்று காலையில்தான் வாசித்த ஒருவர்.

விழாவைக் குறைத்துச் சொல்லவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் தமிழிசை ஆய்வான யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது, அடுத்த மாதம் அடிகள் காலமானார். அரங்கேற்றத்தின் மிச்சம்தான் நம்முடைய வெளியீட்டு விழா. விளக்கேற்றல், தலைமையுரை, முதற் பிரதி, நயவுரை, ஏற்புரை எல்லாம் இருக்கட்டும். சொந்தச் செலவில் அச்சிட்டவருக்கு அச்சுக்கூலி திரும்புவதும் அன்று கடித உறைகளில் வரும் பணத்தில்தான். ஆனால் பதிப்பக ஒப்பந்தத்தில் அந்தப் பிரதிகள் உங்களுடையவை அல்ல. கழிவு விலையில் வாங்கித்தான் விழாவில் விற்க வேண்டும். எத்தனை சதவீதக் கழிவு என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவது, பிரதிக்கட்டு வீட்டுக்குள் வந்த பிறகு.

இலங்கையில் அச்சிட்டால் அச்சகத்தார் சட்டப்படி தேசிய சுவடிகள் கூடத்துக்குப் பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். உங்களுக்கு வந்த பிரதிகளில் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் அதன் முதற் பக்கத்தில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் பிழையெல்லாம் அதில் பென்சிலால். சாத்திய கதவுகளில் திரும்பத் திறக்கக்கூடியது இது ஒன்றுதான், இரண்டாம் பதிப்பு வந்தால்.

கல்யாண வீட்டாரின் பைகளில் பத்துப் பிரதியும் வந்த அன்று இரவு ஆசிரியை தொலைபேசி எடுத்தார்.

“அண்ணன், 143ஆம் பக்கம் பாருங்கள். அம்மம்மா இன்னும் ‘சனிக்கிழமை ராத்திரி அடித்த காற்று’ என்றுதான் சொல்கிறார்.”

எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது வரி. காட்சியில் மாற்றிய கிழமையை அம்மம்மாவின் வாயில் மாற்ற எல்லோருக்கும் மறந்துவிட்டது, மூன்று தடவை வாய்விட்டு வாசித்த எனக்கும்.

“வயது போன மனிசிதானே, தங்கச்சி. நாள் மாறிச் சொல்லியிருக்கலாம்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பென்சிலை எடுத்துவிட்டேன், அண்ணன்” என்றார்.